கல்லூரி ஆய்வுகூடத்தில் பியரும் வைனும் நொதிக்க வைக்கலாமா?

ஹட்டன் பக்கம் ஒரு தனியார் தொழில்நுட்பக் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிப்பிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அடுத்த வருடம் நொதித்தல் அறிவியலுக்கென்றே ஒரு பாடம் தொடங்கப் போகிறார்கள். செய்முறை வகுப்பில் பியர், பழ வைன், கித்துள் கள்ளு எல்லாவற்றையும் மாணவர்களே செய்து பார்க்க வேண்டும், செய்ததைச் சுவைத்து மதிப்பிடவும் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மாணவர்களுக்கு 18, 19 வயது. பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். அமெரிக்கக் கல்லூரிகளில் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் சுவைத்துப் பார்க்க அனுமதி உண்டு என்று வாசித்திருக்கிறார். "படிப்புக்காகத்தானே செய்கிறோம், இங்கும் அது செல்லும்தானே?" என்று கேட்கிறார்.

செல்லாது, தம்பி. முதலில் அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன். இலங்கையில் "படிப்புக்காக" என்பது தானாகவே ஒரு விதிவிலக்கு ஆகாது. அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை பியரோ வைனோ கள்ளோ உங்கள் ஆய்வுகூடத்தில் உருவாகக் கூடாது. அதற்காகப் பாடத்தையே கைவிட வேண்டியதில்லை. கண்டியில் உணவு ஆய்வுகூடம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நொதித்தலின் முக்கால்வாசியை மதுவைத் தொடாமலே நன்றாகப் படிப்பிக்கலாம். மீதிக் காற்பங்குக்கு அனுமதி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நீங்கள் வாசித்த அமெரிக்க விஷயத்தில் இருந்து தொடங்குவோம். அது உண்மைதான், ஆனால் பாதிதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அங்கே மூன்று அடுக்குச் சட்டம் இருக்கிறது. மேல் அடுக்கில் மத்திய அரசின் வரிச் சட்டம். பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ பரிசோதனைக்காக வைனும் வடித்த மதுவும் வரி கட்டாமல் உற்பத்தி செய்யலாம் என்று அது சொல்கிறது. கூடவே இரண்டு கட்டு: விற்கக் கூடாது, புலன்வழிச் சோதனைக்குச் சுவைப்பதைத் தவிர அருந்தக் கூடாது. இதற்கும் விண்ணப்பம் போட்டு, கேட்கும் பிணை கொடுத்துத்தான் தொடங்க முடியும். சும்மா ஒரு பேராசிரியர் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்துவிட முடியாது.

இரண்டாவது அடுக்கு வயது. 1984இல் வந்த மத்தியச் சட்டம், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கும் என்றது. எல்லா மாநிலங்களும் 21க்கு வந்தன. ஆனால் விதிவிலக்குகளை வகுக்கும் இடம் மாநிலங்களின் கையில் இருந்தது. கலிபோர்னியா 2014இல் ஒரு சட்டம் இயற்றியது. வைன் அல்லது பியர்த் தயாரிப்பு பட்டப்படிப்பில் பதிந்திருக்கும், 18 வயது நிரம்பிய மாணவர், பாடத்தின் ஒரு பகுதியாக, ஆசிரியரின் கண்காணிப்பில் சுவைக்கலாம். விழுங்கக் கூடாது, துப்பிவிட வேண்டும். மதுவும் எந்நேரமும் 21 வயது தாண்டிய ஆசிரியரின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். வேறு சில மாநிலங்களிலும் இது மாதிரி இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. மூன்றாவது அடுக்கு அந்தந்தக் கல்லூரியின் சொந்த விதிகள். சட்டம் விட்டாலும் கல்லூரி விடாத இடங்கள் உண்டு.

கவனியுங்கள், அங்கே அந்த உரிமை வானத்தில் இருந்து விழவில்லை. வைன் படிக்கும் பிள்ளை மூன்றாம் வருடம்வரை தான் செய்த வைனை நாக்கில் வைக்க முடியவில்லையே என்று கல்விமான்கள் சட்டமன்றத்திடம் போய்க் கேட்டார்கள். சட்டமன்றம் எழுதிக் கொடுத்தது. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேட்கும் வழியைத்தான். கலிபோர்னியாவின் சட்டம் ஹட்டனில் செல்லாது.

இப்போது நம் சட்டம். அடிப்படை 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது, பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, ஆனால் எலும்பு அதே எலும்புதான். அந்தச் சட்டத்தின் பார்வையில் மது என்றால் சாராயமும் பியரும் மட்டுமல்ல. வைன், கள்ளு, மதுசாரம் அடங்கிய எந்தத் திரவமும் அதற்குள் வந்துவிடும். உரிமம் இல்லாமல் உற்பத்தி செய்யக் கூடாது. கள்ளுக்காக மரம் சீவக் கூடாது, கள்ளு இறக்கக் கூடாது. வடிசாலையோ பியர் ஆலையோ அமைக்கக் கூடாது. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது: மது தயாரிக்கும் நோக்கத்தோடு மூலப்பொருட்களையோ, வடிக்கும் கருவியையோ, பாத்திரத்தையோ வைத்திருப்பதும் குற்றம்தான். ஒரு சொட்டு மது உருவாகியிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. போத்தலில் அடைப்பதற்கும் தனி அனுமதி வேண்டும்.

வீட்டில் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சிக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் ஒரு விலக்கு உண்டு. ஒருவருக்கு வருடத்துக்கு 100 கலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கலன் என்று அளவும் உண்டு. அந்த மாதிரி விலக்கை நம்பி இங்கே ஒன்றும் செய்ய முடியாது. அங்கேயும்கூட அந்த விலக்கு வீட்டில் வடிப்பதற்குக் கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

இங்கேதான் எனக்கு நெஞ்சு பதறும் ஒரு விஷயம் இருக்கிறது. நொதித்தல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலர், ஆய்வுகூடத்தில் வசதி இல்லை என்று, "வீட்டில் ஒரு போத்தல் அன்னாசி வைன் போட்டு, தினமும் குறிப்பெடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஒப்படை கொடுத்துவிடுகிறார்கள். இணையத்தில் பார்த்த செய்முறை, செலவும் குறைவு, பிள்ளைகளுக்கும் ஆசை. தயவுசெய்து இதை ஒருக்காலும் செய்யாதீர்கள். கொழும்பில் ஒரு வசதியான வீட்டுக் குசினியில் அந்தப் போத்தல் இருந்தால் யாருடைய கண்ணிலும் படாமல் போகலாம். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அப்படி இல்லை. ஒரு சுவர்தான் அயல்வீட்டுக்கும் நமக்கும் நடுவில். புளித்த வாசனை வந்தால் ஊருக்கே தெரியும். கசிப்புக்கும் (கள்ளச்சாராயம்) கோடாவுக்கும் (அதை வடிக்கப் புளிக்க வைக்கும் கலவை) சோதனை போடுகிற பொலிஸுக்கும் மதுவரி உத்தியோகத்தருக்கும், சீனியும் மதுவமும் (ஈஸ்ட்) போட்டு மூடிவைத்த கேன் ஒன்று கோடாவாகத்தான் தெரியும். அந்தப் பிள்ளை கையில் இருக்கும் செய்முறைக் கொப்பியைக் காட்டி நீதவான் முன்னால் நிற்க வேண்டி வந்தால், அந்த ஒப்படையைக் கொடுத்தவர் அங்கே பக்கத்தில் நிற்கப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் அப்பா, அம்மா நாட்சம்பளத்தை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு அலைவார்கள். அரச வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் ஒரு வழக்கு பின்னால் வந்து நிற்கும்.

கசிப்பு நம் சமூகத்துக்குச் செய்திருப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடியால் சீரழிந்த குடும்பத்தில் இருந்து வந்த பிள்ளை உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும். "மது செய்யப் படிக்கிறாளாம்" என்று லயத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அதைத் தாங்க வேண்டியவளும் அவள்தான். ஆகவே அனுமதி, பதிவேடு, பூட்டு இதெல்லாம் வெறும் அலுவலகக் காகிதம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிள்ளையை அந்தப் பேச்சில் இருந்து காக்க உங்களிடம் இருப்பது அவைதான்.

அடுத்தது வயது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையை உருவாக்கியது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. "நாங்கள் விற்கவில்லையே, வகுப்பில் சும்மாதானே கொடுக்கிறோம்" என்று வாதாடலாம் போலத் தோன்றும். அந்த வாதத்தை நம்பி ஒரு 19 வயதுப் பிள்ளையின் கையில் கிளாஸைக் கொடுக்க வேண்டாம். நம் பக்கத்தில் கலிபோர்னியா மாதிரி "மாணவர் சுவைக்கலாம், துப்பலாம்" என்று எழுதிய விலக்கு இல்லை. துப்பினாலும் வாயின் உட்தோல் வழியாகக் கொஞ்சம் உடலுக்குள் போகத்தான் செய்யும். பல்கலைக்கழகங்களில் நிலைமை சற்று வேறு. உயர்தரம் முடித்து, பெறுபேறு வந்து, அனுமதி கிடைத்து உள்ளே போகும்போதே 20, 21 ஆகிவிடுகிறது. மூன்றாம் வருடத்தில் அநேகமாக எல்லாரும் 21ஐத் தாண்டியிருப்பார்கள். உங்கள் கல்லூரிக்கு அந்த வசதி இல்லை.

வயது தாண்டியவர்களோடும்கூட, மனிதரை வைத்துச் செய்யும் சுவைச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வேண்டாம் என்பவருக்குப் புள்ளி குறையக் கூடாது. முஸ்லிம் மாணவர் இருப்பார், பௌத்தத்தில் ஐந்து சீலம் காக்கிறவர் இருப்பார், மாத்திரை எடுப்பவர் இருப்பார், வீட்டில் குடியைப் பார்த்துப் பார்த்து அந்த வாசனையே ஆகாதவர் இருப்பார். காரணம் கேட்காமல் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

சுவையைப் படிப்பிக்க மதுவே தேவையில்லை என்பதையும் சொல்கிறேன். பியரில், வைனில் வரும் குறைகளை அறிவதற்கு உலகம் முழுக்கப் பயிற்சி கொடுப்பது தனித்தனி வாசனைச் சேர்மங்களை வைத்துத்தான். வெண்ணெய் வாசம் டையசெட்டைல். கனிந்த வாழைப்பழ வாசம் ஐசோஅமைல் அசெட்டேட். பச்சை அப்பிள் வாசம் அசெட்டல்டிஹைட். நகப்பூச்சு வாசம் எதைல் அசெட்டேட். அவித்த சோள வாசம் டைமெதைல் சல்பைட். இவற்றை ஆய்வுகூடத் தரத்தில் வாங்கி, தண்ணீரில் மிகச் சிறிய அளவு கலந்து, மூடிய சிறு குப்பிகளில் வைத்து முகரச் செய்யுங்கள். குப்பிக்கு இலக்கம் போடுங்கள், எது எது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு தவணை இதைச் செய்த மாணவியின் மூக்கு, பத்து வருடம் பியர் குடித்தவரின் மூக்கைவிடக் கூர்மையாகிவிடும்.

பெண் பிள்ளைகள் பற்றி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மதுவரிச் சட்டத்தின் கீழ் பல பத்தாண்டுகளுக்கு முன் வந்த அறிவித்தல்கள், பெண்களுக்கு மது விற்பதையும், மது உற்பத்தி நடக்கும், விற்கும் இடங்களில் அனுமதி பெறாமல் பெண்களை வேலைக்கு வைப்பதையும் தடுத்தன. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கி அறிவித்தல் வெளியிட்டார். சில நாட்களுக்குள் அதை மீளப் பெறும்படி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பணித்தார். உணவு அறிவியல் வகுப்புகளில் பெண் பிள்ளைகளே அதிகம் இருக்கும் ஒரு நாட்டில் இந்த மாதிரி விதிகள் எவ்வளவு அநீதி என்பதை நான் மறைக்கப் போவதில்லை. நுண்ணுயிரியல் படித்த பெண்ணுக்கு ஆலையின் கதவு இன்னொருவரின் தயவில் திறக்கக் கூடாது. ஆனால் அதிகாரியிடம் போகும்போது கோபம் உதவாது. உங்கள் விண்ணப்பத்தில் "ஆண், பெண் மாணவர்கள் இருபாலாரும் செய்முறையில் பங்குபற்றுவர்" என்று தெளிவாக எழுதி, வரும் பதிலிலும் அது தெளிவாக இருக்கும்படி கேளுங்கள். பிறகு ஒருவர் வந்து பெண் பிள்ளைகளை மட்டும் வெளியே நில்லுங்கள் என்று சொல்லும் நிலை வரக் கூடாது.

சரி, அனுமதி வரும்வரை என்ன படிப்பிப்பது? நீங்கள் இருக்கும் இடமே ஒரு நொதித்தல் ஆய்வுகூடம், தம்பி.

நுவரெலியாக் கோவாவை (முட்டைக்கோஸ்) எடுங்கள். விலை விழுந்தால் லொறி வாடகைக்கும் கட்டாது என்று தோட்டத்திலேயே அழுக விடுகிறார்கள். மெல்லியதாக வெட்டி, நிறையில் 2 முதல் 2.5 வீதம் உப்புப் போட்டுப் பிசைந்து, தன் நீரிலேயே அமிழ்ந்திருக்கும்படி அழுத்தி வைத்தால் லக்டிக் அமில நொதித்தல் தொடங்கும். வெளியில் இருந்து எந்த நுண்ணுயிரும் சேர்க்க வேண்டாம், இலையிலேயே இருக்கிறது. முதலில் லியூகோனொஸ்டொக், பிறகு அமிலத்தைத் தாங்கும் லக்டோபசிலஸ் இனங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தினமும் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) அளந்தால் அந்தக் கைமாற்றத்தை வரைபில் பார்க்கலாம். நம் தோசை மாவிலும் ஏறக்குறைய இதே கதைதான்; உளுந்தும் அரிசியும் இரவில் பொங்குவதற்கு லியூகோனொஸ்டொக்கின் வாயு ஒரு முக்கிய காரணம். கோவாவையும் தோசை மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பித்தால் பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

தயிர் இன்னும் எளிது. 42, 43 பாகையில் இரண்டு பற்றீரியாக்கள் ஒன்றுக்கொன்று உதவி வளர்வதையும், பி.எச். 4.6ஐ நெருங்கும்போது கேசீன் புரதம் உறைவதையும் ஒரே மதிய வகுப்பில் காட்டலாம். மலைநாட்டுக் குளிரில் தயிர் ஏன் பிந்துகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதித்துவிடுகிறது. பால் காய்ச்சும்போதும், நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகத்தைக் கிருமி நீக்கும்போதும் இந்த ஆறு பாகை வித்தியாசம் கணக்கில் வர வேண்டும். அழுத்தக் கலன் ஏன் அவசியம் என்று படிப்பிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தக் குளிர்தான் 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பேக்கரை நுவரெலியாவில் பியர் காய்ச்ச வைத்தது. இன்றைய பெரிய பியர் ஆலை பியகமவில் இருந்தாலும், அதன் வேர் இந்த மலையில்தான். குறைந்த வெப்பத்தில் மெதுவாக நொதிக்கும் மதுவ இனங்களைப் பற்றிப் பேசும்போது இந்த வரலாற்றையும் சொல்லுங்கள். இது நம் ஊர்க் கதை.

மதுசார நொதித்தலின் கணக்கையே சுவைக்காமல், குடிக்கும் அளவுக்குச் செய்யாமல் படிப்பிக்கலாம். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் வரும். ஆகவே வாயு வெளியேற வழிவிட்ட ஒரு சின்னக் குடுவையைத் தராசில் வைத்து, குறைந்த நிறையை அளந்தாலே எவ்வளவு எதனோல் உருவானது என்று கணக்கிட்டுவிடலாம். பாண் மதுவமும், 100 மில்லிலீற்றர் சீனிக் கரைசலும் போதும். பாடசாலைகளில் பலூன் கட்டிக் காட்டும் அதே பரிசோதனைதான், தராசு சேர்ந்தவுடன் கல்லூரித் தரத்துக்கு வந்துவிடுகிறது. ஆய்வுகூடத்துக்குள்ளேயே வையுங்கள், அளந்தவுடன் ஆசிரியர் முன்னிலையில் ஊற்றிவிடுங்கள், கொப்பியில் குறியுங்கள். லீற்றர் கணக்கில் போகாதீர்கள். இதிலும், அடுத்து வரும் கொம்புச்சா, கித்துள் செய்முறைகளிலும் கொஞ்சம் மதுசாரம் உருவாகத்தான் செய்யும்; ஆகவே தொடங்குமுன் மதுவரி அலுவலகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொம்புச்சா பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தேயிலை நாட்டில் அது நல்ல யோசனை, ஆனால் கவனம் வேண்டும். இனிப்பிட்ட தேநீரில் மதுவமும் அசெட்டிக் பற்றீரியாவும் சேர்ந்து வாழ்கின்றன. மதுவம் எதனோல் செய்கிறது, பற்றீரியா அதை அமிலமாக்குகிறது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை சமநிலை. போத்தலில் அடைத்து மூடினால் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் இல்லை, மதுவம் மட்டும் வேலை செய்யும், மதுசாரம் ஏறும். அமெரிக்காவில் 0.5 வீதத்தைத் தொட்டால் அது மதுபானம். அதுவும் தயாரிப்பின்போதோ, போத்தலில் அடைத்த பிறகோ, எந்தக் கட்டத்தில் தொட்டாலும். 2010இல் அங்கே கடைத் தட்டுகளில் இருந்து கொம்புச்சாவை இறக்க வேண்டி வந்தது இதனால்தான். ஆகவே சிறு அளவில், துணி மூடி, சீனி குறைத்து, ஒவ்வொரு நாளும் அளந்து செய்யுங்கள். அடைத்த போத்தலில் மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கித்துளில் சட்டத்தின் எல்லை முட்டிக்குள்ளேயே கடந்துவிடும் என்பது தெரிந்திருக்கட்டும். பாளை சீவிய இடத்தில் சொட்டும் பதநீர் இனிப்பாகத்தான் வரும். காட்டு மதுவம் முட்டியிலேயே காத்திருக்கிறது. சில மணி நேரத்தில் கள்ளு. பாணி காய்ச்சுகிறவர்கள் ஹல் மரப்பட்டையும் சுண்ணாம்பும் முட்டிக்குள் போடுவது அதைத் தடுக்கத்தான். அந்தப் பழைய அறிவை ஆய்வுகூடத்தில் சோதிக்கலாம்: பட்டை போட்ட மாதிரி, போடாத மாதிரி, இரண்டிலும் மணிக்கொரு தடவை பி.எச்., சீனி அளவு. ஆனால் சட்டப்படி மரம் சீவுகிறவரிடம் இருந்து மட்டும் பதநீர் வாங்குங்கள், ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள், எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். அப்பத்துக்குக் கள்ளு விட்டு மா புளிக்க வைப்பதையும் பாடமாக்க வேண்டாம், அதற்குப் பாண் மதுவம் போதும்.

வினாகிரி செய்முறை கட்டாயம் வேண்டும். குறைந்தது 4 வீத அசெட்டிக் அமிலம் என்ற தரத்தை அமில-காரத் தரம் பார்த்தல் மூலம் சோதிப்பது நல்ல பயிற்சி. ஆனால் வினாகிரிக்கு முன் மதுசாரம் என்ற கட்டம் இருக்கிறது, தவிர்க்க முடியாது. கள்ளில் இருந்து வினாகிரி செய்கிறவர்களும் மதுவரித் திணைக்களத்தைக் கடந்துதான் செய்கிறார்கள். அதனால் இதையும் உங்கள் அனுமதிக் கடிதத்தில் சேருங்கள். அதுவரை கடையில் வாங்கிய வினாகிரிகளின் அமிலத்தை அளந்து, இயற்கையானதையும் செயற்கையானதையும் ஒப்பிடுங்கள்.

காய்ச்சி வடித்தல் என்றால் இன்னும் இறுக்கமாக இருங்கள். வடிக்கும் கருவியைப் படிப்பிக்க உப்பு நீரோ, கறுவா எண்ணெயோ, சேர (எலுமிச்சைப்புல்) எண்ணெயோ போதும். சேரப் புல் மலையடிவாரத்தில் நிறைய கிடைக்கும். புளித்த எதையும் அந்தக் கருவிக்குள் விடாதீர்கள். கருவி பூட்டிய அலுமாரியில் இருக்க வேண்டும், யார் எடுத்தார், எதற்கு எடுத்தார் என்று பதிவேடு இருக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்கு எதனோல் வாங்குவதற்கும் திணைக்கள அனுமதி தேவைப்படும். அதுவும் பூட்டுக்குள், மில்லிலீற்றர் கணக்கில். மெதனோல் கலந்த ஸ்பிரிட்டை எதனோலுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

மெதனோலுக்கு ஒரு முழு விரிவுரை ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பழத்தின் பெக்டினில் இருந்து நொதியம் ஒன்று சிறிதளவு மெதனோலைப் பிரிக்கும். மதுவம் தானாகச் செய்வது மிகக் குறைவு. உயிர் போகும் அளவு மெதனோல் அநேகமாக வருவது தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் கலப்பதால்தான். உடலில் அது போமிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தாக்கும். குடித்தவருக்குப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு பார்வை மங்கும். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் காப்பாற்ற மருந்து இருக்கிறது. தீப்பிடிக்கிறதா என்று பார்த்தோ, நீலச் சுவாலையைப் பார்த்தோ நல்ல சாராயம் என்று சொல்லும் வழக்கம் பொய் என்பதை இந்தப் பிள்ளைகள் தங்கள் லயத்தில் போய்ச் சொன்னால் ஒரு உயிராவது தப்பும். இதைச் சொல்ல எந்த உரிமமும் வேண்டியதில்லை.

இனி அனுமதி. தலைமையகம் ராஜகிரியவில் இருக்கும் மதுவரித் திணைக்களம். கடிதம் மதுவரி ஆணையாளர் நாயகத்துக்கு, உங்கள் கல்லூரிப் பணிப்பாளரின் கையொப்பத்தோடு, கல்லூரியின் பதிவுச் சான்றிதழோடு போக வேண்டும். உங்கள் தனிப் பெயரில் அனுப்பாதீர்கள். உங்கள் மாவட்ட மதுவரி அலுவலகத்துக்கு முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். பிறகு சோதனைக்கு வரப்போகிறவர்களும் அவர்கள்தான், உங்களை முன்பே தெரிந்திருப்பது நல்லது. கடிதத்தில் பாடத்திட்டம், எந்தப் பானம், ஒரு தடவைக்கு எத்தனை லீற்றர், வருடத்துக்கு எத்தனை தடவை, எந்த அறை, சாவி யாரிடம், மாணவர் வயது, யாரும் அருந்த மாட்டார்கள், விற்கப்பட மாட்டாது, முடிந்தபின் எப்படி அழிக்கப்படும் என்று எல்லாம் இருக்க வேண்டும். அளவைச் சிறிதாகக் கேளுங்கள். ஐந்து லீற்றர் கண்ணாடிக் குடுவையில் படிக்க முடியாதது எதுவும் ஐம்பது லீற்றரில் வந்துவிடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது உங்களுக்கு இன்னும் விரைவாகக் கைகூடலாம். பேராதனையில் விவசாய பீடத்துக்குள் உணவு அறிவியல் துறை இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் பனை, தென்னை போன்ற மரங்களின் பெறுமதி சேர் தொழில்நுட்பத்துக்கே பட்டப்படிப்பு நடந்திருக்கிறது. மது சம்பந்தப்பட்ட இரண்டு, மூன்று செய்முறைகளை மட்டும் அப்படியான ஒரு இடத்தோடு ஒப்பந்தம் செய்து, அவர்களுடைய அனுமதிக்குள், அவர்களுடைய ஆய்வுகூடத்தில் பார்க்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற வடிசாலை ஒன்றுக்குக் களப்பயணமும் போகலாம். பெற்றோரின் கையொப்பம் வாங்கிக்கொண்டு, சுவைக்கும் நிகழ்ச்சி கிடையாது என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்துகொண்டு போங்கள்.

கண்காட்சி நடத்தினால் மது நிறுவனத்தின் பெயர் பொறித்த பதாகையோ அனுசரணையோ எடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் மதுவுக்கு விளம்பரம் செய்வதையும், அனுசரணையையும் தடுக்கிறது. பிள்ளைகள் செய்ததைப் படம் எடுத்து முகநூலில் போட்டுப் பெருமைப்பட விரும்புவார்கள். கோவாவையும் தயிரையும் போடட்டும்.

அனுமதி வந்து முதல் தொகுதி செய்து முடித்தால், அழிப்பதை ஒரு சடங்கு மாதிரி ஒழுங்காகச் செய்யுங்கள். அளந்து, இருவர் பார்த்திருக்க, சவர்க்கார நீர் கலந்து வடிகாலில் ஊற்றி, அளவையும் நேரத்தையும் எழுதி மூவர் கையொப்பமிட வேண்டும். உருவான அளவும், மாதிரி எடுத்த அளவும், ஊற்றிய அளவும் கூட்டினால் சரியாக வர வேண்டும். அந்தப் பதிவேட்டை முதல் பக்கத்தில் இருந்தே மாணவர்களை வைத்து எழுதுவியுங்கள், நீங்கள் சரிபாருங்கள். ஆலைக்கு வேலைக்குப் போனால் அவர்களிடம் முதலில் கேட்கப்போவதும் அந்தக் கணக்கைத்தான்.

கடித மாதிரி வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன். பாடத்திட்டத்தையும், வருடத்துக்குத் தேவையான லீற்றர் கணக்கையும் நீங்கள் முதலில் அனுப்புங்கள்.